சைகோன் மாரியம்மன்: நம்ம ஆளுங்க போனாங்க, அம்மன் அங்கேயே இருக்கா

ஓம் சக்தி. பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படிங்க. வீட்டில் பெரியவங்க இருந்தா அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

திருவிழாக் கணக்கு கூட்டத்தில் ஒரு அண்ணன் கேட்டது உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். "தோட்டம் போச்சு, லயம் போச்சு, ஜனங்க தாமானுக்கும் பிளாட்டுக்கும் போயிட்டாங்க. இன்னும் இருபது வருஷத்தில் இந்த மாதிரிக் கோயிலுக்கெல்லாம் யாருப்பா வருவா?" கூட்டத்தில் யாரும் பதில் சொல்லலை. டீ வந்தது, பேச்சு அப்படியே பந்தல் வாடகைக்குப் போயிடுச்சு. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனசில் நின்னுபோச்சு. ஏன்னா அதற்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் நான் வியட்நாமில் சைகோன் மாரியம்மனைப் பார்த்துட்டு வந்திருந்தேன். இப்போ அந்த ஊருக்கு ஹோ சி மின் நகரம்னு பேர். நம்ம கதை அங்கே ஐம்பது வருஷம் முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கு. அதனால்தான் எழுதுறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. கடல் தாண்டி வந்த தமிழன் புது ஊரில் இறங்கினதும் எங்கே போவான்? சொந்தம் இல்லை, பாஷை தெரியாது, படுக்க இடம் இல்லை. கோயிலுக்குத்தான் போவான். சாமி கும்பிட மட்டும் இல்லை, படுக்கவும்தான். சிங்கப்பூரை எடுத்துக்குங்க. 1819-ல் ராபிள்ஸ் கூடப் பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. தஞ்சோங் பாகாரில் செங்கல் சூளை போட்டார், துணிக்கடை வெச்சார். 1822-ல் கடை தீப்பிடிச்சு கடன்காரர் ஆனார். அப்புறம் மறுபடி எழுந்து நின்னார். அவர் கோயிலுக்கு இடம் கேட்ட கதையே பெரிய கதை. முதலில் தெலுக் ஆயர் வீதியில் இடம் கொடுத்தாங்க, அங்கே நல்ல தண்ணி இல்லை. அடுத்த இடம் வேறொரு பக்கம், அது நகரத் திட்டத்தோடு ஒத்துவரலை. 1823-ல்தான் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இப்போ கோயில் இருக்கிற மனை கிடைச்சது. 1827-ல் பலகையும் அத்தாப்பும் வெச்சு ஒரு கொட்டகை. அதுதான் சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலின் ஆரம்பம். புதுசா வந்த ஆளுங்க வேலையும் வீடும் கிடைக்கிற வரைக்கும் அங்கேதான் தங்கினாங்க. ரொம்ப நாள் இந்துக்களுக்குக் கல்யாணம் பதிஞ்சதும் அங்கேதான்.

பினாங்கு குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833. கோலாலம்பூரில் தம்புசாமிப் பிள்ளை கட்டினது 1873. பாங்காக் சீலோம் ரோடு மாரியம்மன் 1879, கட்டினவர் வைத்தி படையாட்சி. துறைமுகமோ வியாபார ஊரோ, தமிழன் போய் இறங்கின இடமெல்லாம் முதலில் மாரியம்மன்தான். காரணம் தேட வேண்டாம். அம்மை, காலரா, மலேரியா எல்லாம் அவனுக்கு முன்னாடியே அந்த ஊரில் காத்துக்கிட்டு இருந்தது.

சரி, சைகோனுக்கு வர்றேன். அங்கே தமிழன் எப்படிப் போனான்? நம்ம தாத்தா பாட்டி போன வழியில் அவங்க போகலை. நம்ம ஆளுங்களை வெள்ளைக்காரன் தோட்டத்துக்குக் கங்காணி கூட்டிட்டு வந்தான். நாகப்பட்டினத்திலோ மெட்ராஸிலோ ஏறி, பினாங்கில் இறங்கி, கோரண்டின் முகாமில் கிடந்து, பிறகு ரந்தாவ், சிலியாவ், லாபு என்று தோட்டம் தோட்டமாப் பிரிஞ்சாங்க. 1920-களின் கடைசியில்கூட ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றுதான் பல தோட்டங்களில் சம்பளம். 1938-ல் இந்திய அரசாங்கம் கூலி ஆளுங்களை அனுப்புறதை நிறுத்தினதோடு அந்தக் கதவு மூடிடுச்சு.

சைகோன் கதை பாண்டிச்சேரி, காரைக்காலில் ஆரம்பிக்குது. அந்த இரண்டு ஊரும் அப்போ பிரெஞ்சுக்காரன் கையில். 1859-ல் அவன் சைகோனைப் பிடிச்சான். புது ஊரை நடத்த ஆள் வேணும். பிரெஞ்சு தெரிஞ்ச, எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆள் பாண்டிச்சேரியில் இருந்தான். அப்படிக் கிராணியா, போலீஸா, வரி வசூலிக்கிறவனா, கலங்கரை விளக்கக் காவலாளியா தமிழன் போனான். 1881-ல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. இந்து முறை, சாதி முறைச் சட்டங்களைக் கைவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்து ஒரு குடும்பப் பேரும் வெச்சுக்கிட்டா, பிரெஞ்சுக்காரன் மாதிரியே சட்டத்தில் உரிமை. அப்படி எழுதிக் கொடுத்தவங்களுக்கு 'துறந்தவர்கள்' என்ற அர்த்தத்தில் பிரெஞ்சில் ஒரு பேர். சைகோனில் அவங்க ஓட்டுப் போட்டாங்க, வெள்ளைக்காரன் சம்பளம் கேட்டுச் சண்டை போட்டாங்க. நம்ம தோட்டத்தில் துரை வந்தா தலைப்பாகையை அவிழ்த்துட்டு நிக்கணும். அதே காலத்தில் அங்கே ஒரு தமிழன் எலக்ஷனில் யாரை ஜெயிக்க வைக்கலாம்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்கான். ஒரே கடல், ஒரே மாதிரி முகம். கப்பல் எந்தக் கொடியைக் கட்டியிருந்தது என்பதில்தான் அவ்வளவு வித்தியாசம்.

அவங்க மட்டும் இல்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போய் வட்டிக்கடை வெச்சாங்க. மேகோங் ஆற்றுப் பக்கத்து நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தாங்க. ஓயியே வீதி என்று ஒரு வீதி முழுக்க அவங்க கிட்டங்கி, நடுவில் தண்டாயுதபாணி கோயில். தமிழ் முஸ்லிம்கள் துணிக்கடை வெச்சாங்க. 1935-ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டின பள்ளிவாசல் ஊர் நடுவில் இன்னும் இருக்கு. பால் வியாபாரம் பண்ணினவங்க, வாட்ச்மேன் வேலை பார்த்தவங்க எல்லாம் இருந்தாங்க. வியட்நாம்காரர்கள் நம்ம ஆளுங்களை எல்லாம் 'சா வா' என்று கூப்பிட்டாங்க. ஜாவா என்ற வார்த்தைதான் அது. ஜாவாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? தெற்கே கடலிலிருந்து கறுப்பா வந்தவன் எல்லாம் ஒன்னுதான்னு நினைச்சிருப்பாங்க. அங்கே 'சா வா பாலம்' என்று ஒரு பாலமே இருக்கு.

செட்டியார்களைப் பற்றி உண்மையையும் சொல்லணும். 1930-களில் உலகம் முழுக்க வியாபாரம் படுத்தப்போ நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கைமாறியது. வியட்நாம்காரர்களுக்குக் கோபம், பிரெஞ்சுக்காரனும் சில செட்டியார்களை நாடு கடத்தினான். பர்மாவில் இதே கதை இன்னும் பெரிசா நடந்தது. நம்ம ஆளுங்க எல்லா இடத்திலும் அடிபட்டவங்க மட்டும்தான்னு எழுதினா அது வரலாறு ஆகாது. அதே வருஷங்களில் மலாயாவில் பால்மரத்து வேலை இல்லாமல் பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினாங்க என்பதும் அதே வரலாறுதான்.

இந்தக் கூட்டத்தில் மாரியம்மன் கோயில் யாருடையது? கட்டினது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். செட்டியார்களுக்கு அவங்க முருகன் இருந்தார். மாரியம்மன் மற்ற எல்லாருக்கும். அம்மனுக்கு இரண்டு பக்கமும் காவல் யார் தெரியுமா? ஒரு பக்கம் மதுரைவீரன், இன்னொரு பக்கம் பேச்சியம்மன். இதைப் படிச்சதும் நான் டிக்கெட் எடுத்துட்டேன். மதுரைவீரனும் பேச்சியும் நம்ம தோட்டத்து ஆட்கள். லயத்துப் பின்னாடி மரத்தடியில் அருவாளோட நின்னவங்க. அவங்க சைகோன் நகரத்து நடுவில் நிக்கிறாங்கன்னா, அந்தக் கோயிலுக்கு முதல் செங்கல் வெச்சவன் எப்படிப்பட்ட ஆள்னு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படலை.

தனியாத்தான் போனேன். ஷிப்ட் லீவு சனி, ஞாயிறு இரண்டு நாள்தான். கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேர பிளைட். அங்கே நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னாடி. ஏர்போர்ட்டுக்கு வெளியே வந்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. போர்டில் எழுத்து எல்லாம் நமக்குத் தெரிஞ்ச ஏபிசிடிதான், ஆனா ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியலை. மோட்டார் சைக்கிள் வெள்ளம் மாதிரி வருது. ரோட்டைக் கடக்க ஒரு பாட்டி பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போனேன். ஐம்பது வயசுக்கு மேல், கையில் போன், பாக்கெட்டில் காசு, திரும்பிப் போக டிக்கெட், இவ்வளவும் இருந்தும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சது. அந்தக் காலத்தில் காரைக்காலிலிருந்து வந்து இங்கே இறங்கின பையனுக்கு எப்படி இருந்திருக்கும்?

கோயில் ட்ரூங் டின் வீதியில், பெரிய பென் தான் சந்தைக்குப் பக்கத்தில். தூரத்திலிருந்து கோபுரம் தெரிஞ்சதும் கால் தானாவே வேகமாப் போச்சு. வாசலில் வியட்நாம் அம்மாக்கள் மல்லிகையும் ஊதுவத்தியும் விக்கிறாங்க. உள்ளே நல்ல கூட்டம். ஒரு தமிழ் முகம் இல்லை. ஆபீஸ் சட்டை போட்ட பொண்ணுங்க, ஹெல்மெட்டைக் கையில் பிடிச்ச பையன்கள், சீனக் கிழவிகள். எல்லார் கையிலும் சீன ஊதுவத்தி. அம்மன் முன்னாடி முட்டி போட்டு மூணு தடவை கும்பிடுறாங்க. அப்புறம் கருவறைக்குப் பின்பக்கம் போய், கல் சுவரில் நெத்தியை வெச்சு மெதுவாப் பேசுறாங்க. சுவர் வழியா அம்மன் கேட்பாள் என்று நம்பிக்கை. பூ வித்த அம்மா என்னையும் கையைக் காட்டிக் கூப்பிட்டாங்க, போய் வை என்று. நம்ம மாரியம்மன்கிட்ட எப்படிப் பேசணும்னு எனக்கு ஒரு வியட்நாம் அம்மா சொல்லிக் கொடுத்தாங்க. போய் வெச்சேன். என்ன பேசினேன்னு இங்கே எழுத மாட்டேன்.

அவங்க அம்மனுக்கு வெச்சிருக்கிற பேர் 'இந்திய அம்மா கோயில்' என்ற அர்த்தத்தில் ஒன்னு. 'கறுப்பு அம்மா' என்றும் சொல்றாங்க. சைகோனுக்கு வடமேற்கே தை நின் என்ற ஊரில் ஒரு மலை இருக்கு, அங்கே அவங்களுக்கே ஒரு கறுப்பு அம்மா உண்டு. தெரிஞ்ச தாய் மாதிரியே இன்னொரு தாய். அவங்களுக்கு நம்ம அம்மனை ஏத்துக்கக் கஷ்டமே இருந்திருக்காது. சீன மாதக் கணக்கில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கும்பிடுறது அவங்க வழக்கம். நம்ம சிரம்பானிலும் அதே நாட்களில் சீன ஆன்ட்டிகள் நம்ம கோயில்களுக்கு வருவாங்களே, அதே மாதிரி.

தமிழர்கள் எங்கே போனாங்க? 1945-லிருந்து ஆரம்பிக்குது. அந்த இடத்தில் நம்ம ஊரும் கதைக்குள் வருது. 1945 ஆகஸ்ட்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிரம்பானில் இருந்தார். நம்ம சிரம்பான்தான். ஜப்பான் சரணடையப் போகிறது என்ற செய்தி அவர் காதுக்கு வந்தது இங்கே வெச்சுத்தான். இங்கிருந்து சிங்கப்பூர் போனார். 16-ஆம் தேதி பாங்காக், 17-ஆம் தேதி சைகோன். அங்கே ஜப்பான்காரன் விமானத்தில் எல்லாருக்கும் இடம் இல்லைன்னு சொல்லிட்டான். நேதாஜியும் கர்னல் ஹபிபுர் ரஹ்மானும் மட்டும் ஏறினாங்க, கூட வந்த மற்றவங்க சைகோனிலேயே நின்னுட்டாங்க. மறுநாள் தைப்பேயில் அந்த விமானம் விழுந்தது. தோட்டத்திலிருந்து தோடு, மூக்குத்தி கழட்டிக் கொடுத்த பாட்டிகளும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பொண்ணுங்களும் அந்தச் செய்தியை ரொம்ப வருஷம் நம்பலை. நான் சின்னப் பையனா இருந்தப்பகூட "அவர் வருவார்" என்று சொன்ன பெரியவங்க இருந்தாங்க.

1954-ல் பிரெஞ்சுக்காரன் வியட்நாமில் தோற்று மூட்டை கட்டினான். அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி பாண்டிச்சேரியையும் இந்தியாகிட்ட கொடுத்தான். சைகோன் தமிழனுக்கு இரண்டு பக்கமும் கொடி மாறிப்போச்சு. சிலர் பிரான்ஸ் போனாங்க, சிலர் பாண்டிச்சேரி திரும்பினாங்க. வியட்நாம் பொண்ணைக் கட்டினவங்க பலர் அங்கேயே இருந்தாங்க. பிறகு 1975 ஏப்ரல் 30. சைகோன் விழுந்தது. கடை, வீடு, சொத்து எல்லாம் அரசாங்கத்துக்குப் போச்சு. மிச்சம் இருந்த தமிழர்களில் பெரும்பாலானவங்க கிளம்பிட்டாங்க. விரல் விட்டு எண்ணுற அளவு குடும்பங்கள்தான் மிச்சம்.

நம்மகிட்டயும் கொஞ்சம் இப்படித்தான் நடந்தது. 1950-களின் கடைசியிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டா வித்தாங்க. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். 1969-க்குப் பிறகு சிவப்பு கார்டு வெச்சிருந்தவங்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்கலை. ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் போனாங்க. ரஜூலா கப்பலில் கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கையாட்டினவங்களைப் பார்த்த பெரியவங்க நம்ம பக்கத்தில் இன்னும் இருப்பாங்க. மிச்சம் இருந்தவங்க பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும், பிறகு தாமான் வந்ததும் வெளியேறினாங்க. நான் பேக்டரிக்குப் போனதும் அந்த அலையில்தான்.

இப்போ முக்கியமான இடம். 1975-க்குப் பிறகு சைகோன் மாரியம்மன் கோயிலுக்கு என்ன ஆச்சு தெரியுமா? அரசாங்கம் எடுத்துக்கிச்சு. ஒரு பகுதியில் ஊதுவத்தி செய்ற பேக்டரி. இன்னொரு பகுதி ஏற்றுமதிக்குக் கருவாடு காயவைக்கிற கம்பெனிக்கு. கோயில் மேல்தளத்தில் மீன் காய்ஞ்சது. மாரியம்மன் கோயில் கூரையில் கருவாடு! முப்பது வருஷமா பேக்டரியில் நிக்கிறவன் நான். ஒரு கட்டடத்தை பேக்டரி ஆக்கினா அதை மறுபடி கோயிலாப் பார்க்க மனசு வராதுன்னுதான் நினைச்சிருந்தேன். அதிலும் ஊதுவத்தி பேக்டரி என்பதில் ஒரு வேடிக்கை இருக்கு. செஞ்ச சரக்கு எப்படியும் ஏதோ ஒரு சாமிக்குத்தானே போயிருக்கும்.

1990-களின் ஆரம்பத்தில் கோயில் இந்துக்கள்கிட்ட திரும்பி வந்தது. வாங்கிக்கிட்ட குடும்பங்கள் ரொம்பக் கொஞ்சம். அவங்க மட்டும் கும்பிட்டா ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் உடையுமா என்பதே சந்தேகம். ஆனா கோயில் நிரம்பி வழியுது, வியட்நாம்காரர்களாலேயும் சீனர்களாலேயும். அவங்க காசில்தான் விளக்கு எரியுது, அவங்க பூவில்தான் அம்மன் இருக்கா. கொஞ்சம் குடும்பங்களாவது மிஞ்சி நின்னதால்தான் கோயிலைத் திரும்ப வாங்கிக்க ஆள் இருந்தது. மற்றவங்களும் அம்மனை நம்பினதால்தான் பிழைச்சது. இதில் எது பெருசுன்னு நான் பிளைட்டில் வரும்போது யோசிச்சுப் பார்த்தேன். இரண்டும் வேணும்போல.

செட்டியார் கோயிலுக்கும் போனேன். மாரியம்மன் கோயிலிலிருந்து பதினைந்து நிமிஷ நடை. அந்த ஓயியே வீதிக்கு இப்போ தோன் தாட் தியெப் என்று பேர். சுத்தமா, அழகா இருந்தது. உள்ளே நான் ஒருத்தன்தான். முருகன் முன்னாடி தரையில் உட்கார்ந்தேன், விசிறிச் சத்தம் மட்டும். செட்டியார்கள் அளவுக்குக் கணக்கு வழக்கு, நிர்வாகம் தெரிஞ்சவங்க கிடையாது. பணமும் அவங்ககிட்டதான் இருந்தது. ஆனா கூட்டம், பூக்காரி, அழுகை, வேண்டுதல் எல்லாம் மதுரைவீரன் காவல் நிக்கிற கோயிலில்தான். நான் போனது ஒரே ஒரு சனிக்கிழமை, அதை வெச்சு முடிவு கட்டக் கூடாதுதான். இருந்தாலும் பார்த்ததைச் சொல்றேன்.

நம்ம கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வர்ற சீன ஆன்ட்டியை எல்லாருக்கும் தெரியும். சீன ஊதுவத்தி ஏத்துறாங்க, புகை அதிகம்னு சிலருக்கு முணுமுணுப்பு. வரிசையில் பின்னாடி நிக்கச் சொன்னதையும் நான் பார்த்திருக்கேன். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். வெளிப்பிராகாரத்தில் மணல் போட்ட ஊதுவத்திச் சட்டி ஒன்னு வைக்கலாம், செலவு என்னோடது. அதோட கோயில் பத்திரம், நிலவரி ரசீது, பதிவுக் கடிதம் எல்லாவற்றையும் மூணு நகல் எடுத்து மூணு வீட்டில் வைக்கணும் என்பதும் என் கோரிக்கை. சைகோன் கதையைக் கேட்ட பிறகு அதைத் தள்ளிப் போட மனசு வரலை.

போக நினைக்கிறவங்களுக்கு: மலேசிய பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா வேண்டாம். கிராப் காடி அங்கேயும் ஓடுது, ஏர்போர்ட்டில் கூப்பிடுற டாக்ஸிக்காரன் பின்னாடி போகாதீங்க. பணத்தில் பூஜ்ஜியம் ரொம்ப அதிகம், கொடுக்கும்போது எண்ணிக் கொடுங்க. மல்லிகை கோயில் வாசலிலேயே கிடைக்கும். கற்பூரமும் நம்ம ஊர் மஞ்சள், குங்குமமும் கொஞ்சம் கொண்டுபோங்க, நான் கொண்டுபோனதை வாங்கிக்கிட்டாங்க. தனியாப் போற பெண்களும் பயப்பட வேண்டாம், பகலில் கோயில் பக்கம் எப்பவும் கூட்டம்தான்.

இன்னொரு விஷயம். தெமியாங், ரந்தாவ், லாபு, சிலியாவ் பக்கத் தோட்டக் கோயில்களின் பழைய போட்டோ, திருவிழா நோட்டீஸ், தாத்தா பாட்டியின் கப்பல் பயண அட்டை, சிவப்பு கார்டு யார் வீட்டிலாவது இருந்தா வர்ற வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு கொண்டு வாங்க. அங்கேயே போனில் படம் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவோம். எந்தத் தோட்டம், எந்த வருஷம், படத்தில் யார் யார் என்று சொல்ல வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு வந்தா நல்லது. நாற்காலி போட்டு வெக்கிறோம். அன்னதானம் வழக்கம்போல எட்டரை மணிக்கு.

ஓம் சக்தி.